கதியின் வர்க்கம் மறையாகாது: மலையகத்தின் உயர்தரக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், நுவரெலியா, கொட்டகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என மலையகத்துப் பாடசாலைகளில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

உங்களிடம் ஒரே ஓர் இரட்டைப் பாடவேளையைக் கேட்கவே இந்த மடல். எளிமை இசை இயக்கமும் நிலைக்குத்து வட்ட இயக்கமும் முடிந்த கையோடு, அடுத்த அலகைத் தொடங்குமுன், மூன்று பொருள்கள் சேர்ந்த ஈர்ப்பில் ஒரு துணிக்கை எங்கே போகலாம், எங்கே போகவே முடியாது என்பதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் காட்டுங்கள். பாடத்திட்டத்தில் இது இல்லை என்பது தெரியும். ஆனாலும் பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு வரியின் முழு வலிமையும் இங்கேதான் வெளிப்படுகிறது. முழுமையாகத் தீர்க்க முடியாத ஒரு கேள்வியைப் பற்றியும் ஐயமற ஒன்றைச் சொல்ல முடியும் என்பதைப் பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை தன் கையால் செய்து பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய கணிதம் முழுவதையும் நீங்கள் ஏற்கெனவே கற்பித்து முடித்திருக்கிறீர்கள்.

அந்த வரி எது என்பது உங்களுக்குத் தெரியும். இழையில் கட்டிய துணிக்கையை அடிப்புள்ளியிலிருந்து கிடையாக எறிகிறோம். சக்திக் காப்பை எழுதி, ஏதோ ஒரு கோணத்தில் கதியின் வர்க்கத்துக்கு ஒரு கோவை பெறுகிறோம். அது மறையாக முடியாது என்று அடுத்த வரி வருகிறது. எளிமை இசை இயக்கத்திலும் அப்படித்தான்: கதியின் வர்க்கம், வீச்சத்தின் வர்க்கத்துக்கும் இடப்பெயர்ச்சியின் வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விகிதசமம், ஆகவே இடப்பெயர்ச்சி வீச்சத்தைத் தாண்டாது. துணிக்கை எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று சைன் சார்பை எழுதிப் பார்க்காமலே அதன் எல்லை கிடைத்துவிடுகிறது. மாணவர்கள் இந்த வரியைப் புள்ளிக்காக எழுதிவிட்டு நகர்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசலுக்கு முழுத் தீர்வும் கையில் இருப்பதால், எல்லை பற்றிய வரி தீர்வின் ஒரு துணுக்காகத் தோன்றுகிறது. அந்த வரியின் அருமையைப் பார்க்க, தீர்வே கைக்கு எட்டாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும்.

மூன்று பொருள்களின் இயக்கம் அப்படிப்பட்ட இடம். இரண்டு பொருள்களுக்கு நியூட்டன் வழி காட்டினார். நீள்வட்டம், பரவளைவு, அதிபரவளைவு என்று விடை முடிந்துவிடும். மூன்றாவது பொருள் சேர்ந்ததும் கதை மாறுகிறது. ஒயிலர் 1767இலும் லாக்ராஞ்சு 1772இலும் கண்டவை சில சிறப்புத் தீர்வுகள் மட்டுமே. பொதுத் தீர்வை எளிய சூத்திரமாகப் பெறும் நம்பிக்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூன்சும் புவான்காரேயும் தகர்த்தார்கள். பின்லாந்தின் சுந்துமான் 1912இல் முடிவிலித் தொடராக ஒரு தீர்வைத் தந்தார். அது மிக மெதுவாக ஒருங்குவதால் கணக்கிடுவோர் எவருக்கும் பயன்படவில்லை. அந்தத் தொடரைக் கையில் வைத்துக்கொண்டு, சந்திரன் என்றாவது புவியை விட்டு ஓடிவிடுமா என்று கேட்டால் பதில் வராது. பதில் அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1878இல் வந்துவிட்டது. அமெரிக்காவின் நாவிகப் பஞ்சாங்கத்துக்காகக் கணக்கிட்டுவந்த ஜோர்ஜ் வில்லியம் ஹில், இந்தக் கேள்விக்குப் பாதையின் முழுத் தீர்வைத் தேடாமல், கதியின் வர்க்கம் மறையாகாது என்ற அதே வரியை எழுதினார். சந்திரனின் சக்தியில் அந்த வரி புவியைச் சுற்றி மூடிய எல்லை ஒன்றைத் தந்தது. அதன் தூரம் புவி ஆரையைப் போல் ஏறத்தாழ 110 மடங்கு. சந்திரனோ சராசரியாக 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. சூரியன் எவ்வளவு இழுத்தாலும் அந்த வேலியைச் சந்திரன் தாண்டாது.

இதை வகுப்பில் எப்படி நிறுவுவது? முதல் படி சுழலும் மாட்டேற்றுச் சட்டம். லயங்களின் கூரைகளில் நிற்கும் டிஷ் அன்டெனாக்கள் வானில் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்பது, அந்தச் செய்மதி புவியோடு சேர்ந்து சுழல்வதால்தான். புவியோடு சுழலும் சட்டத்தில் அதற்கு இயக்கமே இல்லை. அதேபோல் புவியையும் சந்திரனையும் இணைக்கும் கோட்டோடு சேர்ந்து சுழலும் சட்டத்தை எடுத்துக்கொண்டால், இரண்டும் அசையாமல் நிற்கும். திணிவு புறக்கணிக்கத்தக்க மூன்றாம் துணிக்கை மட்டுமே நகரும். சட்டம் சுழல்வதற்கு விலையாக இரண்டு விசைகள் சேர்கின்றன. மையநீக்க விசை இடத்தை மட்டும் சார்ந்தது. ஆகவே அதை ஓர் அழுத்த சக்தியாக எழுதி, இரண்டு ஈர்ப்புகளின் அழுத்த சக்தியோடு கூட்டிவிடலாம். கொரியோலிஸ் விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்தானது. செங்குத்தான விசை வேலை செய்யாது என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரியும். எனவே இயக்கப்பாட்டுச் சக்தியும் இந்தக் கூட்டு அழுத்த சக்தியும் சேர்ந்த தொகை மாறாது. 1836இல் யக்கோபி கண்ட மாறிலி இதுதான். ஒரு பாடவேளையின் முதல் பாதியில் இது முடிந்துவிடும். எந்த வகையீட்டுச் சமன்பாட்டையும் தீர்க்க வேண்டியதில்லை.

அடுத்து அந்தக் கூட்டு அழுத்த சக்தியை நிலப்படமாகப் பார்க்க வேண்டும். இதற்கு மலையகத்தைவிட நல்ல வகுப்பறை கிடையாது. காசல்ரீ நீர்த்தேக்கம் கெசல்கமு ஓயாவிலும் மவுசாக்கலை நீர்த்தேக்கம் மஸ்கெலி ஓயாவிலும் இருக்கின்றன, நடுவே மலைமுதுகு. புவிக்கிணறும் சந்திரக்கிணறும் இப்படி அருகருகே அமைந்த இரண்டு பள்ளங்கள். துணிக்கையின் சக்திதான் நீர்மட்டம். நீர் நிற்கும் இடமெல்லாம் துணிக்கை போகக்கூடிய இடம். கரைக்கு மேலே உள்ள நிலம் தடைப்பிரதேசம். கரைக்கோட்டில் கதி பூச்சியம். வரட்சியில் மவுசாக்கலை இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டிடங்கள் வெளியே தெரிவதைப் பிள்ளைகள் அறிவார்கள். நிலம் மாறவில்லை, மட்டம் இறங்கியது, கரை நகர்ந்தது. இந்த நீர்த்தேக்கங்களில் எந்த நாளும் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்லுங்கள்: இரண்டிலும் ஒரே மட்டத்தில் நீர் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டும் எங்கே முதலில் ஒன்றுசேரும்? மலைமுதுகின் மிகத் தாழ்ந்த கணவாயில்தான். புவிக்கும் சந்திரனுக்கும் இடையே அந்தக் கணவாய்தான் முதலாம் லாக்ராஞ்சுப் புள்ளி. இடவிளக்கப்படத்தில் சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த மாணவருக்கு ஹில்லின் வரைபுகள் புதியவையாக இரா.

எண்களும் எளிமையானவை. புவி–சந்திரன் தூரத்தையும் இரண்டின் மொத்தத் திணிவையும் அலகாகக் கொண்டால், வழக்கமான குறியீட்டில் யக்கோபி மாறிலி முதலாம் புள்ளியில் ஏறத்தாழ 3.188, சந்திரனுக்கு அப்பால் உள்ள இரண்டாம் புள்ளியில் 3.172, புவிக்கு மறுபுறமுள்ள மூன்றாம் புள்ளியில் 3.012, முக்கோண உச்சிகளான நான்காம் ஐந்தாம் புள்ளிகளில் 2.988. இந்த மாறிலி சக்திக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது: மாறிலி குறையக் குறைய நீர்மட்டம் ஏறும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மாணவர்கள் குழம்புவது உறுதி. மாறிலி 3.188ஐ விடப் பெரிதானால், புவியருகே பிறந்த துணிக்கை சந்திரனை அடையவே முடியாது. அதற்குக் கீழே இறங்கினால் கணவாயில் முதல் கழுத்து திறக்கிறது; 3.172க்குக் கீழே சந்திரனின் பின்புறம் வழியாக வெளியுலகுக்கும் வழி பிறக்கிறது. இரண்டு கணவாய்களுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். சந்திரனை எட்டும் அளவுக்குச் சக்தி பெற்ற ஒன்றுக்கு, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் புவி–சந்திரன் தொகுதியையே விட்டுப்போக வழி திறந்துவிடுகிறது.

இது தாளில் மட்டும் நிற்கும் விடயம் அல்ல. பின்லாந்தின் லீசி ஒட்டர்மா 1943இல் கண்டுபிடித்த வால்வெள்ளி, 1937க்கு முன் வியாழனின் பாதைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு வியாழனருகே வந்து, கழுத்தின் வழியாக உள்ளே நுழைந்து, ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றியது. 1963இல் மீண்டும் வியாழனருகே வந்து வெளியேறிவிட்டது. இப்போது அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ 19 ஆண்டு. நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. சந்திரயான்-3இன் உந்துகலம், தரையிறங்கியைச் சந்திரனைச் சுற்றும் பாதையில் விட்டபின், 2023 ஒக்ரோபரில் உந்தப்பட்டு, நவம்பரில் சந்திரனின் பிடியை விட்டுப் புவியைச் சுற்றும் பாதைக்கு வந்தது. 2025 நவம்பரில் அது மீண்டும் சந்திரனின் ஈர்ப்பு மண்டலத்துக்குள் போய், சந்திரனை இருமுறை நெருங்கிக் கடந்தது. முதல் தடவை மேற்பரப்பிலிருந்து சுமார் 3,740 கிலோமீற்றர். இஸ்ரோ தந்த விபரப்படி, 1 இலட்சத்துக்கும் 3 இலட்சத்துக்கும் இடைப்பட்டிருந்த அதன் பாதை 4.09 இலட்சத்துக்கும் 7.27 இலட்சம் கிலோமீற்றருக்கும் இடைப்பட்டதாக மாறிப்போனது. எஞ்சின் செய்த மாற்றம் அல்ல அது, சந்திரனின் ஈர்ப்பு செய்தது. புவியைச் சுற்றும் ஒரு நீள்வட்டம் என்று மட்டும் பார்த்தால் இது விபத்துப்போலத் தெரியும். சுழலும் சட்டத்தில் பார்த்தால், திறந்திருந்த கழுத்துகளைச் சுற்றி அலையும் ஒரு துணிக்கை இப்படி நடப்பதில் வியப்பில்லை.

இப்போது இரட்டைப் பாடவேளையின் மையக் கணக்குக்கு வருகிறேன். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான முதலாம் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே புவியின் ஈர்ப்பும், சூரிய ஈர்ப்புக்கும் மையநீக்க விசைக்கும் உள்ள மிச்சமும் சமப்பட வேண்டும். புவியிலிருந்து சூரியனை நோக்கிச் சிறு தூரம் நகர்ந்தால் சூரிய ஈர்ப்பு கூடும், மையநீக்க விசை குறையும். முதலாவது இரண்டு பங்கு, மற்றது ஒரு பங்கு, ஆக மூன்று பங்கு. நேர்மாறு வர்க்க விதியை ஈருறுப்பு விரிவால் பார்த்தால் இது வந்துவிடும். எனவே தேடும் தூரத்தின் கனம், சூரிய தூரத்தின் கனத்தைப் புவித் திணிவால் பெருக்கி, சூரியத் திணிவின் மும்மடங்கால் வகுத்ததற்குச் சமம். சூரியன் புவியைப் போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. மூன்றால் பெருக்கினால் பத்து இலட்சம். அதன் கனமூலம் நூறு. சூரியன் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நூறால் வகுத்தால் 15 இலட்சம் கிலோமீற்றர். கணிப்பான் தேவையில்லை. 2023 செப்ரெம்பர் 2ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6இல் ஒளிவட்டப் பாதையை அடைந்த ஆதித்யா-எல்1 விண்கலம் நிற்கும் இடம் அதுதான். சந்திரனின் 3,84,000 கிலோமீற்றர் அந்தத் தூரத்தின் கால் பங்கு. ஹில்லின் விடையின் சாரத்தை மாணவர் இப்போது தன் கொப்பியிலேயே பார்க்கிறார்.

உங்கள் ஆட்சேபங்களை ஊகிக்க முடிகிறது. முதலாவது நேரம். கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் தட்டுப்பாடு உள்ள மலையகத்தில், ஒருவரே பல வகுப்புகளைச் சுமக்கும்போது, பரீட்சையில் வராத ஒன்றுக்கு எண்பது நிமிடம் கேட்பது நியாயமா? நியாயம் என்றே கருதுகிறேன். சக்திக் காப்பு, சார்பு வேகம், நேர்மாறு வர்க்க விதி, ஈருறுப்பு விரிவு, சமனிலி ஆகிய எல்லாம் ஒரே கேள்வியில் பயின்றுவரும் மீட்டல் இது. பிரித்துப் பிரித்துப் படித்தவற்றை ஒன்றாகப் பயன்படுத்தும் வாய்ப்பு கடந்தகால வினாத்தாள்களில் அரிதாகவே கிடைக்கிறது. இரண்டாவது, இது பல்கலைக்கழகத்துக்குரியது என்பது. பொதுத் தீர்வு பல்கலைக்கழகத்துக்கும் அப்பாற்பட்டது. எல்லை பற்றிய வாதமோ ஊசலுக்கு எழுதும் அதே வரிதான்.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் அது காற்றில் இருக்கிறது: தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? கொழும்பு மாணவனைப் பார்த்து எவரும் கேட்காத கேள்வி இது. அதற்குப் பதிலாக வெற்றிக் கதைகளைச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. சந்திரயான்-3 திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே பணியாளர் ஒருவரின் மகன், பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவிலிருந்து தொடங்கியவர். ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் பெயர்களைச் சொல்லிவிட்டு, அவர்களின் கலங்கள் எந்தக் கணக்கில் நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளைப் பார்வையாளர்களாகவே வைத்திருக்கும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: தடைப்பிரதேசம், எல்லை என்ற சொற்களை வாழ்க்கைப் பாடமாக மாற்றிவிடாதீர்கள். எங்கே போக முடியாது என்பதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். கணிதத்தைக் கணிதமாகவே கொடுங்கள்.

வலிமையான ஆட்சேபம் கணிதத்துக்குள்ளிருந்தே வருகிறது, அதைக் கெட்டிக்கார மாணவர் எவராவது கேட்கத்தான் போகிறார். இந்த வாதம் எது முடியாது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்கிறது. கழுத்து திறந்திருந்தால் துணிக்கை அதன் வழியே போயே தீரும் என்று சொல்வதில்லை. உண்மை. திறந்த கழுத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவது தனித் திறமை. 1990இல் ஏவிய ஜப்பானின் ஹிட்டன் கலத்தை, சிறிதளவே எரிபொருள் மீந்திருந்த நிலையில், எட்வர்ட் பெல்புரூனோவும் ஜேம்ஸ் மில்லரும் கணக்கிட்ட வழியில் 1991இல் சந்திரனிடம் கொண்டுசேர்த்தது அப்படித்தான். தென் கொரியாவின் தனூரி கலம் 2022 ஓகஸ்டில் கிளம்பி, ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் வரை சூரியப் பக்கம் போய்த் திரும்பி, டிசம்பரில் சந்திரனை அடைந்தது. நேர்வழியில் சில நாட்கள். இந்த வழியில் நான்கு மாதத்துக்கு மேல், ஆனால் எரிபொருள் மிச்சம். நான்காம் ஐந்தாம் புள்ளிகளிலும் சக்தி வாதம் தனியே போதாது. நிலப்படத்தில் அவை உச்சிகள். உச்சியில் வைத்த கல் உருண்டோட வேண்டும். ஆனால் நகரத் தொடங்கியதும் கொரியோலிஸ் விசை அதைத் திருப்பிவிடுகிறது. பெரிய பொருளின் திணிவு சிறியதைப் போல் ஏறத்தாழ 25 மடங்குக்கு மேல் இருந்தால் அது அங்கேயே சுற்றி நிற்கும். 1906இல் மாக்ஸ் வூல்ஃப் கண்ட அக்கிலீஸ் முதல் இன்று ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் வியாழனின் பாதையில் அப்படி நிற்கின்றன. வேலை செய்யாத விசை என்று முதல் பாதியில் ஒதுக்கிய அதே விசை, பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னும் ஒரு நேர்மையான குறை: புவியின் பாதை சரியான வட்டம் அல்ல, ஆகவே யக்கோபி மாறிலி இயற்கையில் கறாராக மாறிலியாக இருப்பதில்லை. ஹில்லின் வேலி அவர் எடுத்துக்கொண்ட மாதிரிக்குக் கறாரானது, உண்மையான சந்திரனுக்கு மிக நல்ல அண்ணளவு. இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒப்பமான தளம், இலேசான நீளா இழை என்று தினமும் எழுதும் மாணவர்களுக்கு, ஒரு மாதிரி எந்த இடம் வரை தாங்கும் என்ற கேள்வி புதிதல்ல. அதை உரக்கக் கேட்கும் பழக்கம்தான் புதிது.

கணினி அறை தேவையில்லை. வரைபுத்தாள் போதும், இணைப்புக் கோட்டின் மீது மட்டும் கூட்டு அழுத்த சக்தியைக் குறித்தாலே இரண்டு கிணறுகளும் மூன்று மேடுகளும் தெரிந்துவிடும். வீட்டுக் கணக்காக வியாழனைக் கொடுங்கள். சூரியன் அதைப் போல் 1,047 மடங்கு, தூரம் 77.8 கோடி கிலோமீற்றர். எல்லை ஏறத்தாழ 5.3 கோடி கிலோமீற்றர் என்று விடை வரும். வியாழனின் வெளிச் சந்திரன்கள் பல 2.3 கோடி கிலோமீற்றர் அளவில் சுற்றுகின்றன என்பதையும் சொல்லுங்கள். எல்லை அவ்வளவு தூரத்தில் இருக்க, சந்திரன்கள் ஏன் அதன் பாதிக்குள்ளேயே நின்றுவிட்டன என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு இன்னொரு பாடவேளை ஒதுக்க வேண்டியிருக்கும்.